முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின் ஜூடோவுக்குத் திரும்புவது எப்படி?

ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஜூடோ வீரர், வலி நின்றுவிட்டதையே குணமானதற்கான அடையாளமாகக் கொள்ளக் கூடாது. பொருத்தப்பட்ட புதிய ஜவ்வு முதிரப் பல மாதங்கள் ஆகும் என்பதால், அறுவைக்குப் பின் 9 மாதங்கள் நிறையும் முன் முழுவேகப் பயிற்சியில் இறங்குவது மறுபடி கிழியும் அபாயத்தைப் பெரிதும் கூட்டும். நாள்கணக்கு மட்டும் போதாது. தொடைத் தசையின் வலிமை மறுகாலில் உள்ளதில் 90 விழுக்காட்டையேனும் எட்டியிருப்பதையும், ஒற்றைக்காலில் தாவி இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாயாததையும் பிசியோதெரபிஸ்ட் சோதித்து, மருத்துவரும் ஒப்புதல் தந்த பிறகே மெத்தையில் ஏற வேண்டும்.

முதலில் தனியாக உகேமி எனும் விழும் பயிற்சி. அடுத்து, எதிர்க்காத இணையோடு உச்சிகோமி, அதாவது இணையை வீழ்த்தாமல் வீச்சுக்கான நுழைவசைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி. இங்கே உயிர்நாடி ஊன்றிய கால்தான்: பாதம் மெத்தையில் ஒட்டிக்கொண்டிருக்க உடல் மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்குமாதலால், குதிகாலைச் சற்றே தூக்கி, முன்பாதத்தின் மேல் இடுப்போடு சேர்ந்து திரும்பப் பழக வேண்டும்.

ரண்டோரி எனும் இருவர் மோதும் பயிற்சி ஆட்டம் கடைசியில்தான். எடையில் நிகரான, அனுபவமுள்ள, நிதானமான இணையைத் தேர்ந்து, எதிராளியின் கால்களுக்குப் பின்னால் காலை நீட்டித் தானும் விழுந்து அவரைப் பின்புறமாகச் சாய்க்கும் தானி ஒதோஷி வீச்சைத் தவிர்க்குமாறு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரு கால்களாலும் கத்தரிபோல் எதிராளியின் கால்களைப் பற்றி வீழ்த்தும், போட்டிகளில் தடைசெய்யப்பட்ட கானி பசாமிக்கு எக்காலத்திலும் இடமில்லை. மறுநாள் காலை முழங்கால் வீங்கியிருந்தால், வீக்கம் வடியும்வரை முந்தைய கட்டத்துக்கே திரும்ப வேண்டும்.