பியூயல் பம்ப் மாற்றும் முன்: ஜிப்சிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டில் வண்டி திணறினால் போதும், டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும் "பம்ப் போய்விட்டது" என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். பட்டறைக்கு வரும்போதே புதுப் பம்ப் கையில் இருக்கிறது. பழைய மாருதி ஜிப்சி ஜீப் வாங்கிக் காட்டுப் பாதையில் இறங்கும் இளைஞர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஃபில்டர் அடைப்பு பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை; அது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது இன்ஜெக்டர் (எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி) வைத்த 1.3 லிட்டர் பெட்ரோல் ஜிப்சிக்கு. மற்ற பெட்ரோல் வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஐட்லிங்கில் மட்டும் பிரஷர் பார்ப்பது

ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது, எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் மிகக் குறைவு. சாகக் கிடக்கும் பம்ப்கூட அந்த நேரத்தில் கேஜில் நல்ல பிரஷரைக் காட்டும். நீள ஹோஸ் உள்ள கேஜை மாட்டி, கண்ணாடிக்கு வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டு மேடு ஏறுங்கள். கேஜை வண்டிக்குள் கொண்டுவரவே கூடாது. பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வேக்குவம் குழாய் இணைந்தது என்றால், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது முள் ஏறி 3 பார் அருகே நிற்க வேண்டும். ஏறுவதற்குப் பதில் இறங்கினால் பெட்ரோல் போதவில்லை. பம்ப் மீது சந்தேகப்பட வேண்டியது அதற்குப் பிறகுதான்.

வோல்டேஜ் பார்க்காமல் பம்ப் மாற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பம்ப் ஒரு மின் மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் அது தள்ளும் பெட்ரோலும் குறையும். இருபது வயதைத் தாண்டிய வண்டியில், பேட்டரியிலிருந்து டேங்க் வரை போகும் மெல்லிய ஒயரும் கனெக்டரும் எர்த்தும் எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏற முடியவில்லை என்று ஒரு தம்பி வண்டியைக் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் இரண்டு முறை பம்ப் மாற்றியிருந்தார்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப் கனெக்டரில் 10.3. சேஸிஸில் எர்த் போல்ட்டைக் கழற்றினோம். வளையத்துக்கு அடியில் பச்சைப் பூஞ்சைபோலக் களிம்பு, அதற்கும் கீழே பெயிண்ட். உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது வளையம் போட்டு இறுக்கியதும் 13.2 வந்தது. அதோடு விடவில்லை. டிக்கியில் கிடந்த முதல் பம்பையே எடுத்து டேங்கில் திரும்ப மாட்டச் சொன்னேன். அதே மலையில் அதே வண்டி இழுத்துக்கொண்டு ஏறியது. அந்தப் பிள்ளை செலவழித்த பணம் அத்தனையும் வீண்.

கனெக்டரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைக்காதீர்கள். லோடு இல்லாதபோது பழுதான ஒயரும் 12 வோல்ட் காட்டும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரின் பின்பக்கமாக, ஒயர் நுழையும் இடத்தில் ஊசி நுழைத்துப் பாருங்கள். பேட்டரி நெகட்டிவுக்கும் பம்ப் எர்த்துக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் சரியில்லை.

எர்த் நன்றாக இருந்தும் வோல்டேஜ் குறைந்தால் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) போடுங்கள். அதன் கால்களில் எண்கள் இருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து தடித்த ஒயர் பம்புக்கு, பழைய பம்ப் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பழைய ஒயரை விட்டுவிட்டு, தனி சுவிட்ச் வைத்துப் பம்பை ஓட்டுகிறவர்கள் உண்டு. வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்றாலும் அந்தப் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெரிய பம்ப் போட்டால் பவர் கூடும் என்று நம்புவது

80 குதிரைத்திறன் எஞ்சின் முழு மூச்சில் ஓடினாலும் மணிக்குச் சுமார் 25 லிட்டர்தான் எரிக்கும். அதற்கு மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் வாங்கி மாட்டுகிறார்கள். மிச்சம் முழுவதும் ரிட்டர்ன் குழாயில் திரும்ப வேண்டும். மெல்லிய குழாய் அதைத் தாங்காமல் பிரஷர் ஏறும், ஐட்லிங்கில் கறுப்புப் புகை வரும், சுற்றிச் சுற்றி வந்து டேங்கில் பெட்ரோல் சூடாகும். டர்போ போடாதவர்களுக்குக் கம்பெனி அளவுப் பம்பே போதும்.

டேங்குக்குள் சாதாரண ஹோஸ்

வெளியே போடும் ஹோஸ் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தால் ஊறி வெடிக்கும். மூழ்கும் வகையென்று கேட்டு வாங்குங்கள்.

மூடியைத் திறந்து பார்க்காதது

திணறும்போது டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போனால் டேங்குக்குக் காற்று விடும் வென்ட் அடைப்பு, பம்பைத் தொடாதீர்கள்.

பிரஷரை இறக்காமல் குழாயைக் கழற்றுவது

பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு கழற்றுங்கள்.