வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் திருவிழா. அந்த நாட்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் சாலைகளில் காவி உடுத்திய கூட்டம் வேளாங்கண்ணியை நோக்கி நடந்தபடியே இருக்கும். தஞ்சாவூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வருடம் முழுக்க பைக்கை விட்டு இறங்காத கால்களை அவ்வளவு தூரத்துக்குத் திடீரென்று கிளப்புவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. முட்டி வீங்கிப் பாதி வழியில் பஸ் ஏறுகிறவர்களில் இளைஞர்களும் உண்டு.

ஜூலையிலேயே தொடங்கிவிடுங்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புது ஆற்றங்கரை இருக்கிறது, கிராமத்தில் வாய்க்கால் கரை இருக்கிறது. அரை மணி நேரத்தில் ஆரம்பித்து வாராவாரம் கூட்டிக்கொண்டே போனால் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. சற்று வேகமாக நடந்தாலே அந்தக் கணக்கு நிறைந்துவிடும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வரும், தூக்கமும் நன்றாக வரும்.

அடுத்தது செருப்பில்லாத நடை. நேர்ச்சை என்று பலர் வெறுங்காலோடு கிளம்புகிறார்கள். அந்த பக்தியை மதிக்கிறேன். ஆனால் சர்க்கரை நோயாளிகள் இதைச் செய்யவே கூடாது. நெடுநாள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். தார் சுட்டாலும் முள் குத்தினாலும் தெரியாது. சின்னக் கொப்புளம் ஆறாத புண்ணாகி, விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். மாதா அதைக் கேட்கவில்லை. நன்றாகப் பழகிய ஷூ, பருத்தி சாக்ஸ் போட்டு நடங்கள். கிளம்புகிற அன்று புது ஷூ வேண்டாம். இரவு தங்கும் இடத்தில் கால் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, பாதத்தைப் பாருங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் உபவாசத்தோடு நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். கிளம்பும் முன் டாக்டரிடம் பேசிவிடுங்கள், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

ஜெபத்திலும் ஒரு தவறு உண்டு. வழியெல்லாம் ஸ்பீக்கர் அலறினால் பக்கத்தில் நடப்பவரின் மூச்சுகூடக் கேட்காது, அப்புறம் ஜெபம் எங்கே? செபமாலையில் பத்துப் பத்து மணியாக வரும் ஐந்து பகுதிகளையும் நிதானமாகச் சொல்லுங்கள், பிறகு கொஞ்ச தூரம் பேசாமல் நடங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் கரையோரம் காலையில் நடக்கும்போது பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களைக் கையில் எடுக்கலாம். எருசலேமுக்குத் திருப்பயணம் போனவர்கள் வழியில் பாடியவை என்று அவற்றைச் சொல்வார்கள். ஜெபிக்க வார்த்தை வரவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். இயேசு சிலுவையில் இறந்த பிறகு எம்மாவு என்ற ஊருக்குப் போன சீடர்கள் இருவர் துக்கத்தோடு புலம்பிக்கொண்டுதான் நடந்தார்கள். உயிர்த்தெழுந்த இயேசு அவர்களோடு சேர்ந்துகொண்டது அந்த வழியில்தான்.

இரவு நடைக்கு ஒரு வார்த்தை. எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். காவி இருட்டில் தெரியாது. மார்பிலும் முதுகிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். வயல் வரப்பில் இறங்கினால் டார்ச் கட்டாயம், நெல் வயலில் கண்ணாடி விரியன் உண்டு. ஊர் திரும்பியதும் இரண்டு நாள் கால்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் காலை பழையபடி ஆற்றங்கரைக்குப் போய்விடுங்கள்.