பைஸ்டாண்டர் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

பைஸ்டாண்டர் (bystander) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேடிக்கை பார்ப்பவர் என்று பாடமாக்கி வைத்திருந்தால் முதலில் அதை மறந்துவிடுங்கள். பரீட்சைக் கட்டுரையிலும் சரி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும்போதும் சரி, பிசகுவது அந்த இடத்தில்தான். நடந்த விசயத்தில் தனக்குப் பங்கில்லாமல், அந்த நேரம் அந்த இடத்தில் இருந்தவர், அவ்வளவுதான் பொருள். பார்த்தாரா, உதவினாரா, பயந்து ஒதுங்கினாரா என்றெல்லாம் அந்தச் சொல் கேட்பதில்லை.

மாங்குளம் சந்தியில், ஏ9 வீதியில், டிப்பர் ஒன்று மோட்டார் சைக்கிளைத் தட்டிவிட்டது என்று வையுங்கள். தேத்தண்ணிக்கடை வாசலில் பிளேன்டீயோடு நின்றவர் பைஸ்டாண்டர். சத்தம் கேட்டு முல்லைத்தீவு றோட்டுப் பக்கத்தால் ஓடிவந்து, எட்டி எட்டிப் பார்த்து, "ஆர் ஆள், எந்த ஊர்" என்று கேட்கிறவர் ஒன்லுக்கர். எங்கள் பக்கம் விடுப்புப் பார்க்கிறது என்று சொல்வதற்குக் கிட்ட வருவது இதுதான், ஆனால் விடுப்பில் இருக்கிற ஏச்சு ஒன்லுக்கரில் இல்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனவர் பாஸர்பை. பன்மையில் எழுதும்போது கவனம், பாஸர்ஸ்பை என்று எஸ் நடுவில் வரும், பைஸ்டாண்டருக்கோ கடைசியில்தான்.

இனி விட்னஸ். டிப்பர் எந்தப் பக்கத்தால் வந்தது என்று கண்ணால் கண்டு சொல்லக்கூடியவர் ஐவிட்னஸ். கடைவாசலில் நின்றவர் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்து இடித்ததைக் காணாமல் விட்டிருந்தால் அவர் வெறும் பைஸ்டாண்டர். அடிபட்ட மோட்டார் சைக்கிள்காரரோ நாளைக்குக் கோட்டில் ஏறி விட்னஸ் ஆகலாம், ஆனால் அந்த விபத்தில் அவர் பைஸ்டாண்டர் ஆகவே முடியாது. காணி உறுதி எழுதும்போது நொத்தாரிசுக்கு முன்னால் கையெழுத்து வைக்கிற இரண்டு சாட்சிகளும் விட்னஸ்தான், அங்கே விபத்தும் இல்லை, சண்டையும் இல்லை.

சரி, அந்தக் கடைவாசல்காரர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுத்துக் கொடுத்தால்? அப்போதும் பைஸ்டாண்டர்தான். இதயம் நின்றுபோனவருக்குப் பக்கத்தில் இருந்த சாதாரண ஆள் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்வதை மருத்துவ ஆங்கிலத்தில் பைஸ்டாண்டர் சிபிஆர் என்றே எழுதுகிறார்கள். சும்மா நிற்பவர் என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டதற்குப் பெரிய காரணம் பைஸ்டாண்டர் எஃபெக்ட் என்ற உளவியல் சொல். 1964இல் நியூயோர்க்கில் கிற்றி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பத்திரிகையில் வந்தது, அந்தக் கணக்கு ஊதிப் பெருப்பித்தது என்று பிறகு தெரியவந்தது. ஆனால் அந்தச் செய்தியால் தூண்டப்பட்டு டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் செய்து 1968இல் வெளியிட்ட சோதனை பேர்பெற்றது. வேறொரு அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் கேட்கச் செய்தார்கள். தான் மட்டுமே கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 வீதமானோர் வலிப்பு முடியுமுன்பே உதவி தேடிப் போனார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படிப் போனது 31 வீதம்தான். கூட்டம் கூடினால் கால் பின்வாங்குகிறது என்பது மனிதரைப் பற்றிய கண்டுபிடிப்பு, அதைத் தூக்கிச் சொல்லின் பொருளுக்குள் போடாதீர்கள்.

ஸ்பெக்டேட்டர் லேசு. வொலிபோல் மட்ச் பார்க்கவென்றே வந்து குந்தியிருப்பவர். கச்சேரிக்கு ஓடியன்ஸ். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரும் சனத்தை இரண்டாலும் குறிக்காதீர்கள், அவர்கள் பக்தர்கள். அப்புறம் ஒன்று, கேரளத்து ஆஸ்பத்திரியில் பைஸ்டாண்டர் எங்கே என்று கேட்டால் நோயாளிக்குத் துணையாக நிற்கிற ஆளைத் தேடுகிறார்கள். சிகிச்சைக்கு இந்தியா போகிறவர்கள் இதைக் கேட்டு முழிக்க வேண்டாம்.

இன்னசென்ட் பைஸ்டாண்டர் என்பதைத்தான் எங்களவர்கள் கண்டபடி போடுகிறார்கள். இருவர் சண்டைபிடிக்கும்போது எறிந்த போத்தல் மூன்றாமவர் தலையில் விழுந்தால் அந்த மூன்றாமவருக்கு அது பொருந்தும். 2009இல் வன்னியில் போருக்குள் அகப்பட்ட சனத்தைப் பற்றி எழுதும்போது அது பொருந்தாது. அவர்கள் தற்செயலாகப் பக்கத்தில் நின்றவர்கள் இல்லை, சொந்த ஊரிலும் இடம்பெயர்ந்த பாதையிலும் பதுங்குகுழியிலும் இருந்தவர்கள். 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை பாதுகாப்புப் பேசுவதும் சிவிலியன் என்ற பெயரில்தான். அங்கே சிவிலியன் என்றே எழுதுங்கள்.