பழைய மரப் படகா? பெயிண்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்த்து பெயிண்ட் அடிப்பது அப்போதுதான். பழைய மரப் படகு வாங்குகிறவர், பெயிண்ட் ஏறுவதற்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஜூன் பிறந்த பிறகு பளபளப்பைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பதுதான் முதல் தவறு.

தண்ணீரில் நிற்கும் படகில் ஏறி, என்ஜினை மட்டும் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு விலை பேசுகிறவர்களும் உண்டு. ஆபத்து இருப்பது நீர்மட்டத்துக்குக் கீழே. அங்கே மரத்தைக் குடைவது கப்பல் புழு. புழு என்று சொன்னாலும் அது உண்மையில் சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போதே குண்டூசி முனையளவு துளை போட்டு உள்ளே போய், அங்கேயே வளர்ந்து பலகை நெடுகக் குடைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கணீரென்று கேட்கும், அரித்த இடம் பொத்தென்று கேட்கும். அங்கே கூரான கம்பியால் குத்தினால் சிரமமில்லாமல் இறங்கும். மேலே ஃபைபர் ஒட்டியிருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். இடுக்கில் புகுந்த தண்ணீர் காய வழியில்லாமல் மரம் உள்ளேயே மக்கும்.

மரத்தை மக்க வைப்பதில் உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் மோசம். மேல்தளத்தில் தேங்கும் மழைநீர், மீன் அறையில் உருகி வடியும் ஐஸ் தண்ணீர் இரண்டும் அப்படித்தான். நாற்றத்துக்குப் பயந்து பலரும் எட்டிப் பார்க்காத இடம் அந்த மீன் அறை. அதன் அடிப்பலகையையும் ஒட்டியுள்ள வங்குகளையும் (பலகைகளைத் தாங்கும் விலா எலும்பு போன்ற சட்டங்கள்) பார்க்காமல் வரவே வராதீர்கள்.

ஒன்றிரண்டு ஆணியைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். தலை நன்றாக இருக்கும், பலகையும் வங்கும் சேரும் இடத்தில் துருவேறி இளைத்திருக்கும்.

விற்பவரே ஓர் ஆசாரியை அழைத்து வந்து, “கல்லு மாதிரி இருக்குணா” என்று சொல்ல வைப்பார். சரி, கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களே கூலி கொடுத்து, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மரைன் சர்வேயரை, அதாவது படகின் நிலையைச் சோதித்துச் சொல்லும் நிபுணரை வைத்துப் பார்த்து, அவர் அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். மீன்வளத் துறை வருடாவருடம் செய்யும் ஆய்வை நம்பி இதை விடக்கூடாது. அது பலகையைக் குத்திப் பார்க்கும் வேலை இல்லை. நகையை அடகு வைத்து வாங்குகிற படகு இது, ஏறப்போவது எட்டுப் பத்து பேர். சர்வே கூலியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பதிவுச் சான்று யார் பெயரில், படகு மேல் கடன் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். கரையில் காய்ந்த படகு முதலில் கொஞ்சம் கசியும், மரம் ஊறியதும் நின்றுவிடும். சில நாள் கழித்தும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் பலகை இடுக்கு அடைப்பு போயிருக்கிறது. திரும்ப அடைக்கும் செலவைக் கழித்துத்தான் மீதிப் பணத்தைப் பேச வேண்டும்.