எல்லா மோட்டாரும் ஒரே நொடியில்: மின்தேவைக் கட்டுப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் ஏதாவது ஒரு பம்புசெட் கொட்டகைக்குள் நின்று பாருங்கள். கரண்ட் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் 'டக்' என்று பிடிக்கும். பக்கத்துத் தோட்டத்திலும் அதே 'டக்'. மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் பல மோட்டார்கள் சேர்ந்து கிளம்பினால் வோல்டேஜ் சரியும், பியூஸ் போகும். இப்படித் தேவை ஒரேயடியாக எகிறாமல் கருவிகளின் நேரத்தை மாற்றுவதுதான் மின்தேவைக் கட்டுப்பாடு. அதை ஒரு மையம் செய்வதா, அந்தந்த இடத்துக் கருவிகளிடமே பரவலாக விடுவதா என்று கேட்பதுண்டு. பம்புசெட்டைப் பாருங்கள்: நேரத்தை முடிவு செய்வது மின்வாரியம். மோட்டாரைக் கிளப்புவது தோட்டத்துப் பெட்டி. மையக் கட்டுப்பாடும் பரவலான கட்டுப்பாடும் ஏற்கெனவே கைகோத்துத்தான் இயங்குகின்றன. எனவே 'மையமா, பரவலா' என்று பட்டிமன்றம் நடத்துவது முதல் தவறு.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, எல்லாக் கருவிகளையும் ஒரே நொடியில் இயங்க வைப்பது. மையத்திலிருந்து உத்தரவு போனாலும் சரி, 'இரவு பத்து மணி முதல் கட்டணம் குறைவு' என்று அறிவித்து முடிவை வீட்டுக்காரரிடமே விட்டாலும் சரி, பத்து மணி அடித்ததும் மின்தேவையில் புதிய உச்சம் ஒன்று எழும். பிரிட்டன் இதை முன்கூட்டியே யோசித்தது. 2022 ஜூன் முதல் அங்கே விற்கப்படும் வீட்டு மின்கார் சார்ஜர்கள் தாமாகவே பத்து நிமிடம் வரை ஆளுக்கொரு தாமதத்தோடு தொடங்க வேண்டும் என்பது விதி. நம் ஸ்டார்ட்டரில் தோட்டத்துக்குத் தோட்டம் வெவ்வேறு தாமதம் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்தது, பயனாளரின் கையைக் கட்டுவது. 2022 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் கொலராடோவில், தேவை கூடும்போது ஏ.சி.யைத் தானே கட்டுப்படுத்தும் எக்ஸெல் எனர்ஜி மின்நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்திருந்த சுமார் 22,000 வாடிக்கையாளர்களின் ஏ.சி. தெர்மோஸ்டாட்டுகள் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) மின் நெருக்கடியைக் காரணம் காட்டிப் பூட்டப்பட்டன. கொளுத்தும் வெயிலில், சொந்த வீட்டில் வெப்பநிலையை மாற்ற முடியவில்லை. ஊக்கத்தொகைக்காக அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள்தான். ஆனாலும் கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீட்டில் கடைசிச் சொல் வீட்டாருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

எந்தக் கருவியையும் நிறுத்தலாம் என்று நினைப்பதும் தவறு. ஃபிரிட்ஜும் கீசரும் குளிரையும் சூட்டையும் சேமித்து வைப்பவை. பத்து நிமிடம் நின்றால் யாருக்கும் தெரியாது. விளக்கும் மின்விசிறியும் அப்படியல்ல. தவிர, ஃபிரிட்ஜுக்கு உத்தரவே தேவையில்லை. மின்தேவை உற்பத்தியை மிஞ்சினால், மின்சாரம் நொடிக்கு 50 முறை அலையும் வேகம், அதாவது 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண், தாழும்; அதைச் சுவர் பிளக்கிலேயே உணர்ந்து கருவி தானாக ஒதுங்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெட் ஸ்வெப்பே இதற்கான காப்புரிமையை 1982இலேயே பெற்றார். அங்கும் எல்லா ஃபிரிட்ஜும் ஒரே அதிர்வெண் அளவில் விலகி ஒரே அளவில் திரும்பினால், ஆட்டோ ஸ்டார்ட்டரின் கதைதான்.