நிறம் குறைந்தால் மட்டும் போதாது: அடப்பங்கொடிச் சாற்றின் அழற்சி எதிர்ப்பைச் சோதிக்கும் முறை

கடலூர், புதுச்சேரிக் கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடியின் இலையை வீக்கத்துக்கு வதக்கிக் கட்டுவது நாட்டு மருத்துவ வழக்கம். அதை ஆய்வகத்தில் சோதிக்க எளிய வழி கிரீஸ் சோதனை. அழற்சியில் செல்கள் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு நைட்ரைட்டாக மாறும், அதை இளஞ்சிவப்பு நிறமாகக் காட்டுவது இது. சாறு அழற்சியைத் தணித்தால் நிறம் குறையும். எளிதாக ஏமாற்றுவதும் அதுதான்.

இலையை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். உப்பு தங்கினால் செல்களை அதுவே வாட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிழலில் உலர்த்த வேண்டாம், காய்வதற்குள் பாக்டீரியா பெருகும். 40 டிகிரி ஓவன் நல்லது. பாக்டீரியா விட்டுச்செல்லும் எண்டோடாக்சின்தான் நாம் செல்களைத் தூண்டச் சேர்க்கும் எல்பிஎஸ். ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனின் 121 டிகிரிக்கு அது அழியாது. கண்ணாடிப் பாத்திரங்களை 250 டிகிரி உலர் சூட்டில் 30 நிமிடம் வையுங்கள்.

96 வெல் (சிறு குழி) கொண்ட பிளேட்டில், வெல்லுக்கு 50,000 ரா 264.7 செல்களை (சுண்டெலியின் மேக்ரோபேஜ் வகை நோய் எதிர்ப்புச் செல்கள்) ஃபீனால் ரெட் இல்லாத மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) இட்டு ஒரு இரவு ஒட்டவிடுங்கள். அந்தச் சிவப்புச் சாயம் அளவீட்டில் குறுக்கிடும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையும் லேசாகத் தூண்டும். பிறகு உலர்ந்த இலையிலிருந்து எடுத்த சாற்றைச் சேருங்கள். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு மணி நேரம் கழித்து எல்பிஎஸ், மில்லிக்கு 1 மைக்ரோகிராம். 24 மணி நேரம் காத்திருங்கள்.

செல்களுக்கு மேலே நிற்கும் திரவத்தில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து, 5 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்த 1 சதவீத சல்ஃபனிலமைடு 50 சேருங்கள். இருட்டில் 10 நிமிடம். அடுத்து நிறத்தை உண்டாக்கும் என்ஈடி கரைசல், 0.1 சதவீதம், 50, மேலும் 10 நிமிடம். நிறத்தின் அளவை 540 நானோமீட்டர் ஒளியில் அரை மணிக்குள் படித்துவிடுங்கள். ஸ்டாண்டர்டுக்கான (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) சோடியம் நைட்ரைட் நம் கடற்கரைக் காற்றில் ஈரம் இழுக்கும். ஈரம் புகாத டெசிகேட்டரில் வைக்காவிட்டால் எடை பொய் சொல்லும்.

இளஞ்சிவப்பு குறைந்துவிட்டதா? உடனே மகிழ வேண்டாம். செல் இல்லாத வெல்லில் 25 மைக்ரோமோலார் நைட்ரைட்டுடன் சாற்றைக் கலந்து பாருங்கள். அங்கேயும் நிறம் குறைந்தால், சாற்றிலுள்ள ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் வினையைக் கெடுக்கின்றன, செல்லில் ஏதோ நடந்தது என்று சொல்ல முடியாது. எல்பிஎஸ் சேர்க்காமல் சாறு மட்டும் இட்ட வெல் நிறம் காட்டினால் எண்டோடாக்சின் இருக்கலாம். எண்டோடாக்சினைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்து அந்த நிறம் அடங்குகிறதா பாருங்கள். அதே பிளேட்டில் எம்டிடி (உயிருள்ள செல்கள் ஊதாவாக்கும் சாயம்) போடுவதும் கட்டாயம், இறந்த செல்லும் நைட்ரைட் தராது. ஆனால் முதலில் சாற்றைக் கழுவி எடுங்கள். சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் செல் இல்லாமலே எம்டிடியை ஊதாவாக்கும்.

ஒப்பீட்டுக்கு, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் 1 மைக்ரோமோலார் வையுங்கள். அது குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி வழியே வேலை செய்வது. அந்த ஏற்பியை மிஃபெப்ரிஸ்டோன் தடுக்கும். அதைச் சாற்றுக்கு முன்பே கொடுத்து, சாற்றின் விளைவு மறைகிறதா பாருங்கள். மறைந்தால் ஹார்மோன் ஏற்பிக்குப் பங்கு இருக்கலாம். இந்தப் பகுதிக்கு மட்டும் மீடியத்தில் சேர்க்க, கரியால் ஹார்மோன் நீக்கிய சீரம் வாங்குங்கள். சாதாரண சீரத்தில் ஏற்கெனவே ஸ்டீராய்டு இருக்கும்.