மணல் தொட்டியில் காசு புதைக்காதீர்கள்

போன மாதம் செஞ்சியில் ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாம் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் நடத்தும் ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள். கோட்டைக்கு வெளியே மரத்தடியில் மணலைக் குவித்து, அதற்குள் எதையோ புதைத்துக்கொண்டிருந்தார் அவர்களைக் கூட்டி வந்தவர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடத்துக்கு முன் நான் செய்த அதே வேலை. போய்ச் சொல்லலாமா என்று நின்றேன். முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது என்று வந்துவிட்டேன். இப்போது மனசு கேட்கவில்லை. பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப் போகிறவர்கள் செய்யும் தவறுகளை இங்கே எழுதிவிடுகிறேன்.

தொப்பி, தண்ணீர், குரங்கிடமிருந்து சாப்பாட்டுப் பையைக் காப்பாற்றுவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை போவது

போகாதீர்கள். நமக்குத்தான் செவ்வாய்க்கிழமை இருக்கிறதே.

உச்சிக்குப் போயே தீருவது

கோட்டைக் குன்றுகளில் உயரமானது ராஜகிரி, சுமார் 800 அடி. சின்னப் பிள்ளைகளோடு ஏறி இறங்கினால் அன்றைய பொழுது முடிந்தது. களஞ்சியம், குதிரை லாயம், யானைக்குளம், கல்யாண மகால் எல்லாம் கீழேதான் இருக்கின்றன.

தேசிங்கு ராஜனில் ஆரம்பிப்பது

ஆசை விடாது. நானும் வேனை விட்டு இறங்கியதும் தேசிங்கு கதையைத்தான் எடுத்துவிடுவேன். அதற்கப்புறம் பிள்ளைகள் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: "குதிரையை எங்கே கட்டியிருந்தாங்க?" தேசிங்கு ஆண்டது சில மாதங்கள், 1714இல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி இறந்துபோனார். அதற்கு முன்னே விஜயநகரத்தின் நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், 1677இல் சிவாஜி, எட்டு வருட முற்றுகைக்குப் பிறகு 1698இல் முகலாயர்கள். பின்னே 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். இத்தனை பேர் மாற்றி மாற்றிக் கட்டிய சுவரைப் பிள்ளைகள் பார்க்கட்டும். கதையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, நிழலில் வைத்துக்கொள்ளலாம்.

புதையல் வேட்டை

இதுதான். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அன்றைக்கு நான் செய்தது இது. குயவரிடம் நான்கு பானை வாங்கி உடைத்தேன். ஓட்டுச் சில்லுகளையும் பழைய ஓட்டைக் காலணாக்கள் சிலவற்றையும் ஒரு தகரத் தொட்டி மணலில் புதைத்தேன். "நீங்கள்லாம் இன்னிக்கு ஆர்க்கியாலஜிஸ்ட்" என்று சொல்லிக் கையில் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தேன். ஏழே நிமிடம். கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையாலேயே அள்ளினார்கள். காசு கிடைத்தவன் குதித்தான், கிடைக்காதவள் அழுதாள். பெற்றோர் படம் எடுத்தார்கள். பெரிய வெற்றி என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மதியம் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்து உள்ளங்கையைத் திறந்தான். கறுப்பும் சிவப்புமாக ஒரு பானை ஓடு, விளிம்போடு. "அண்ணா, நான் நிஜமாவே தோண்டி எடுத்துட்டேன்!" குச்சியால் மதிலடியைக் கிளறியிருக்கிறான். எந்த இடம் என்று கேட்டால் சுவர் முழுவதையும் கையால் காட்டினான். கோட்டைப் பணியாளர் பார்த்துவிட்டார். "பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுக்கிறீங்களா சார்?" என்றார். பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டக் கூடாது என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டம். அவர் அதோடு விட்டது அவருடைய பெருந்தன்மை. அந்தப் பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காலையில் பாடம் எடுத்தவன் நான்தானே.

தோண்டினால் பொருள் கிடைக்கும், பொருள்தான் முக்கியம்: என் மணல் தொட்டி சொன்னது இதைத்தான். ஒரு ஓடு எவ்வளவு ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் ஓடு. புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் அங்கே ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிய பாசிமணிகளை ழுவோ துப்ரே என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் வாங்கிச் சேர்த்தார். அழகான பொருட்கள்தான், ஆனால் அவற்றின் ஆழம் யாருக்கும் தெரியாது. 1945இல் மார்ட்டிமர் வீலர் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் வந்து அடுக்கடுக்காகத் தோண்டினார். காலம் தெரிந்த இத்தாலியப் பாண்டத்தின் உடைசல்கள் ஒரு அடுக்கில் கிடைக்க, கூடவே கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. கணக்குச் சொன்னது அந்த அடுக்குதான்.

இப்போதும் தொட்டி வைக்கிறேன், என் வீட்டு வாசலில், கோட்டைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு. அடியில் செம்மண், மேலே அடுப்புச் சாம்பல், அதன் மேல் மணல். நூல் கட்டி நான்கு கட்டம். காசு கிடையாது. வரைந்து, ஸ்கேலால் ஆழம் அளந்து எழுதும்வரை எதையும் தூக்கக் கூடாது. முதல் முறை என் கவனக்குறைவால் ஒரு தண்ணீர் பாட்டில் மூடி செம்மண்ணுக்குள் போய்விட்டது. அடியில் கிடப்பதுதான் பழசு என்றால் புது மூடி அங்கே எப்படி வந்தது என்று பிள்ளைகள் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் பத்து வயதுப் பெண் ஒருத்தி, "எலி வளை தோண்டியிருக்கும், அது வழியா விழுந்திருக்கும்" என்றாள். அகழாய்வுக் குழிகளில் எலி வளை நிஜமாகவே தலைவலிதான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கல்வெட்டில் மை தடவுவது

கூடவே கூடாது. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, மேலே மை ஒற்றி எழுத்தை நகல் எடுக்கும் மைப்படியைச் செய்து காட்ட ஆசையா? கல்தச்சரிடம் எழுத்து வெட்டிய பலகைக் கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வயது வாரியாகப் பிரிப்பது

இது பள்ளிக்கூடப் பழக்கம். அண்ணன் தம்பியாகச் சேர்ந்தே படித்த பிள்ளைகள் அவர்கள். ஆறு வயது டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கட்டும், பன்னிரண்டு வயது எழுதட்டும்.

பெற்றோர்

கேள்வி பிள்ளையிடம் போகும், பதில் அம்மாவிடமிருந்து வரும். வீட்டில் அவர்தான் டீச்சர், அதனால் குறை சொல்லவும் முடியாது. இப்போதெல்லாம் அப்பா அம்மாக்களைக் கல்யாண மகால் படிகளை எண்ணிவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். இதுவரை இரண்டு பேருடைய கணக்கு ஒத்துப்போனதில்லை.